உங்களுக்குத் தெரியுமா? உலகைச் சுற்றிய உறுமி

ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவிலிருந்து கோடம்பாக்கம் சில கிலோமீட்டர்தான். 2007-இல் வெளிவந்து உலகம் வியந்த ‘கலா’ என்ற மின்னணு இசை ஆல்பத்தின் ஒரு பகுதி அங்கே, ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டூடியோவில் பதிவானது.

பாடியவர் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, இலங்கையில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண். 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான ‘அருளர்’. இதற்கு அம்மாவின் பெயர். அமெரிக்க விசா சிக்கலானதால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா என்று நாடு நாடாகச் சென்று பதிவு செய்தார்.

சென்னையில் அவர் தேடிப் பிடித்தது உறுமி மேளத்தை. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, தோல் உறுமும். மறு முகத்தில் அடி விழும். சபா கச்சேரிகளில் காணக் கிடைக்காத இந்தக் கோயில் கொடை வாத்தியம்தான் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாடல்களின் முதுகெலும்பு. கணினித் தாளம் அதற்குப் பின்னால்தான் நிற்கிறது. அந்தத் துணிச்சலுக்காகவே இந்த ஆல்பத்தைக் கொண்டாடலாம். ‘பாம்பூ பங்கா’வில் இளையராஜாவின் ‘தளபதி’ பாட்டும் கேட்கும், காது கொடுங்கள்.

ரோலிங் ஸ்டோன் இதழ் 2007-இன் சிறந்த ஆல்பமாக ‘கலா’வைத் தேர்ந்தெடுத்தது. இதிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008-இல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. பிறகு ரஹ்மானும் மாதங்கியும் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காகச் சேர்ந்து செய்த ‘ஓ... சாயா’ ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது.