குரல் வழி வந்த செல்வம்

நம் பவானியில் ஜமுக்காளம் நெய்வதை யாரும் புத்தகம் படித்துக் கற்பதில்லை. தறியில் அமர்ந்த மூத்தவரின் கையும் காலும் போகும் போக்கைப் பார்த்துப் பார்த்தே இளையவர் பழகுகின்றனர். இசையும் அப்படித்தான். பாட்டை ஏட்டில் எழுதி வைக்கலாம். ஆனால் பாடிக் காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். அப்பணிக்கே தம் நெடிய வாழ்நாளை அளித்த டி. பிருந்தா அம்மையாரை (1912–1996) இங்கே நினைவுகூர்கிறோம்.

இவருடைய பாட்டி, புகழ்பெற்ற வீணை தனம்மாள் (1867–1938). முதுமையில் பார்வை இழந்த பின்னும் அவருடைய வீணை ஓயவில்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை நடைபெறும் இசையைக் கேட்க வித்வான்களே வந்து காத்திருப்பார்களாம். அந்த வீட்டில் பாட்டியும் தாயும் மகளுமே நூலகம்! தாய் காமாட்சியிடம் பயின்ற பிருந்தா, காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையிடமும் பாடம் கேட்டார். பரதக் கலைஞர் பாலசரஸ்வதி இவருடைய சித்தி, பெரியம்மா வழிச் சகோதரியே.

இக்குடும்பத்தின் பெருஞ்செல்வம் பதங்கள். பதினேழாம் நூற்றாண்டில் க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் இயற்றிய பதங்கள் மிக மெதுவான நடையில் அமைந்தவை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குரல் வழுக்கிச் செல்லும் நெளிவிலேதான் அவற்றின் உயிர் இருக்கிறது. 'ச ரி க ம' என்று எழுதினால் எலும்புக்கூடு மட்டுமே கிடைக்கும். அறிந்தவர் கற்பிக்காமல் மறைந்தால் பாட்டும் அவரோடு மறைந்துவிடும் அல்லவா?

அவ்வாறு நேராமல் காத்தவர் பிருந்தா. தங்கை முக்தாவுடன் சேர்ந்து பாடினார். ஆரவாரமான கைதட்டலை நாடவில்லை. சென்னையில் அரசு இசைக் கல்லூரியில் கற்பித்தார். கடல் கடந்து அமெரிக்காவில் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். ராம்நாட் கிருஷ்ணன், அருணா சாயிராம் போன்றோர் இவரிடம் பயின்றவர்கள். 1976-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது இவரை வந்தடைந்தது.

இன்று எந்தப் பாட்டையும் கைப்பேசியில் கேட்டுவிடலாம். ஆனால் நாம் தவறாகப் பாடினால் கைப்பேசி நம்மை நிறுத்துவதில்லை. "இந்த இடம் சரியில்லை, மறுபடி பாடு" என்று சொல்ல ஆசிரியர் ஒருவரால்தான் முடியும். பத்து முறையானாலும் சலிக்காமல் திருத்தும் அந்தப் பொறுமையே கலையைத் தலைமுறை தாண்டி வாழவைக்கிறது.

தோழியரே! நம் கொங்கு நாட்டு வீடுகளிலும் தாலாட்டும் கும்மிப் பாட்டும் பாட்டிமாரின் நாவில் இருக்கின்றன. அவற்றுள் பல எந்த ஏட்டிலும் ஏறாதவை. இவ்விடுமுறையில் ஒரு பாட்டையாவது அவர்கள் அருகில் அமர்ந்து கற்றுக்கொள்வோம். கற்றதை நம் தங்கைக்கும் சொல்லிக் கொடுப்போம்.