ஒலிபெருக்கியில் ஒரு அலை அறிவிப்பு

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் என்றதும் ஊர்க்காரர்களுக்குச் செங்கழுநீர் அம்மன் தேர் நினைவுக்கு வரும். வரலாறு படித்தவர்களுக்குப் பக்கத்திலிருக்கும் அரிக்கமேடு நினைவுக்கு வரும். அறிவியல் எழுதுகிறவர்களுக்கு அந்த மீனவ ஊர் இன்னொரு காரணத்துக்காக முக்கியம். 1990களின் கடைசியில், இணையம் என்ற சொல்லே நம் நகரங்களுக்குப் புதிதாக இருந்த காலத்தில், மறுநாள் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுப் படகைத் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவு செய்த ஊர் அது.

அந்தத் தகவல் அங்கு வந்து சேர்ந்த வழி விசித்திரமானது. அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காக உலகப் பெருங்கடல்கள் அனைத்துக்கும் அலை முன்கணிப்பு செய்து, அதை இணையத்தில் பொதுவில் வைத்திருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வில்லியனூர் மையத்தில் இருந்தவர்கள் அதில் வங்காள விரிகுடாவின் வரைபடத்தை இறக்கினார்கள். புதுச்சேரிக் கரையை ஒட்டிய பகுதியில் அடுத்த 24 மணி நேரத்துக்கு என்ன அளவு காட்டுகிறது என்று பார்த்து, அதைத் தமிழில் பேசிப் பதிவு செய்தார்கள். அந்தக் குரல் ரேடியோ அலைவழியே வீராம்பட்டினத்துக்குப் போனது. கிராமங்களில் தொலைபேசி இணைப்பு அரிதாகவும் அடிக்கடி அறுந்தும் இருந்ததால்தான் ரேடியோ. மின்சாரமும் நம்பும்படி இல்லாததால் சூரியத் தகடுகள். பெரும் போர்க்கப்பல்களுக்காகக் கணிக்கப்பட்ட ஒரு எண், கடைசியில் கட்டுமரம் தள்ளுகிற ஒருவரின் காதில் தமிழில் விழுந்தது.

'தகவல் கிராமம்' என்ற இந்த ஆய்வுத் திட்டம் 1998இல் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன் தொடங்கியது. கணினியைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன் ஊர் ஊராகச் சென்று, யாருக்கு என்ன தகவல் தேவை, இப்போது அதை யாரிடம் கேட்கிறார்கள் என்று விசாரித்தார்கள். பெரும்பாலானோர் கடைக்காரரிடமும் வியாபாரியிடமும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விற்கிறவரும் வாங்குகிறவருமே தகவல் சொல்கிறவராகவும் இருந்தால் ஏழைக்கு என்ன மிஞ்சும்? தகவல் மையத்துக்கு இடம் கொடுக்க வேண்டியது ஊர். எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்து போக வேண்டும் என்பது நிபந்தனை. நடத்தியவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள், அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வயல் சார்ந்த ஊர்களில் நெல் விலையும் அரசுத் திட்டங்களும் வறுமைக்கோட்டுப் பட்டியலும் கேட்கப்பட்டன. கடலோர ஊர்களில் முதலில் கேட்கப்பட்டது அலை.

ஏன் அலை? அதற்குக் கரையோரத்துக்கு வர வேண்டும். ஆழ்கடலில் ஒன்றரை மீட்டர் அலை ஒரு ஃபைபர் படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும், கவிழ்க்காது. ஆனால் அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வரும்போது அதன் அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குறைகிறது, பின்னால் வரும் நீர் மேலேறுகிறது, முகடு செங்குத்தாகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே அதிகம் என்ற அளவுக்குக் குறைந்ததும் அது உடைந்து விழுகிறது. துறைமுகம் இல்லாத ஊரில் போகும்போதும் திரும்பும்போதும் இந்த உடையும் வரிசையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எஞ்சின் பறிபோவதும் வலை சிக்கி அறுவதும் ஆள் அடிபடுவதும் பெரும்பாலும் இங்கேதான், வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்.

முன்கணிப்பில் சொல்லப்படும் உயரம் எல்லா அலைகளின் சராசரி அல்ல. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்வது வழக்கம். அனுபவமுள்ள மாலுமி கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லும் உயரத்துக்கு இதுவே மிக நெருக்கமானது. 2 மீட்டர் என்று அறிவிக்கப்பட்ட நாளில் ஏறக்குறைய 4 மீட்டர் அலை ஒன்று இடையில் வரக்கூடும். இதை விளக்காமல் எண்ணை மட்டும் வாசித்தால் அறிவிப்பு பொய் என்று ஊர் முடிவுகட்டிவிடும். கணக்கு போடுகிற விதம் இப்படி: காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்துக்குத் தடையின்றி வீசுகிறதோ அதைப் பொறுத்து அலை வளர்கிறது. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வளர்ச்சியையும் தேய்வையும் நகர்வையும் கணினி கணக்கிடுகிறது.

மீனவருக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்றும், நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிற கரை இது. தண்ணீரின் நிறத்தையும் மேகத்தின் போக்கையும் பார்த்து அவர்கள் சொல்வது பெரும்பாலும் பலிக்கும். அந்த அறிவுக்கு எட்டாத ஒரு விஷயம் தொலைவிலிருந்து வரும் அலை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல் எழுப்பிய நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து நம் தென்கரையை அடைகின்றன. அப்போது இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. கேரளக் கரையில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை இழுத்துச் சென்றது இப்படிப்பட்ட கடல்தான். எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. வெளியான எச்சரிக்கை அந்த மணலில் நின்றவர்களின் காதுக்குப் போகவில்லை என்பதுதான் மனதை அறுக்கிறது.

புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவ ஊருக்கு ஒரு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடித் தரை அதிர்ந்தது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் ஆழிப்பேரலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் வந்தும் நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இல்லாததால் அந்த இரண்டு மணி நேரமும் கரை முழுக்க வீணானது. நல்லவாட்டில் மட்டும், சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியைக் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசினார். வீட்டுச் சுவருக்குள் நின்றிருந்தால் அந்தச் செய்தி ஒரு குடும்பத்தைத்தான் காப்பாற்றியிருக்கும். ஊரில் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி இருந்தது. தினமும் அலை உயரம் சொல்லிப் பழகிய அதே கருவியில் 'எல்லோரும் கரையை விட்டு ஓடுங்கள்' என்று அறிவித்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின. சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊரில் உயிர் ஒன்றும் போகவில்லை.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. எந்தக் குரலைக் கேட்டு எழ வேண்டும் என்று ஊர் முன்பே பழகியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஒலிக்கும் அபாயச் சங்குக்கு யார் எழுந்து ஓடுவார்கள்? ஆழிப்பேரலைக்குப் பின் 2007இல் ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது. கருவி அளவில் உலகத் தரமானது அது. அதன் கடைசிக் கண்ணி இன்றும் ஏதோ ஒரு குப்பத்தில் மைக்கைக் கையில் எடுக்கிற ஒருவர்தான்.

அதே ஹைதராபாத் மையம் மீன் இருக்கும் இடத்தையும் சொல்கிறது. செயற்கைக்கோள் மீனைப் பார்ப்பதில்லை, மீனின் உணவுக்கான அடையாளத்தைப் பார்க்கிறது. ஆழத்தில் இருக்கும் குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வரும் இடங்களில் நுண்பாசிகள் பெருகும். அவற்றின் பச்சையம் நீல ஒளியை விழுங்குவதால் கடலின் நிறம் சற்றே பச்சை பக்கம் சாயும். 1999இல் இந்தியா ஏவிய ஓஷன்சாட் முதல், நம் செயற்கைக்கோள்கள் இந்த நிறமாற்றத்தை அளக்கின்றன. அகச்சிவப்புக் கருவிகள் நீரின் மேற்பரப்பு வெப்பத்தை அளக்கின்றன. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் கோடும் பச்சையம் மிகுந்த பகுதியும் ஒன்றுகூடும் இடத்தில் நுண்ணுயிர்களைத் தின்ன சிறு மீன் வரும், சிறு மீனைத் தின்னப் பெரிய மீன் வரும். குறிப்பிட்ட இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஆழத்தில் என்று செய்தி வருகிறது. ஆழத்தைப் பாகம் என்ற அளவில் பேசிப் பழகிய கரையில் மீட்டரை மாற்றிச் சொல்லவும் ஆள் தேவை. மீன் தேடும் நேரம் 30 முதல் 70 விழுக்காடு வரை குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நேரம் குறைந்தால் டீசல் குறையும், டீசல் குறைந்தால் கடன் குறையும். மேகம் மூடிய நாட்களில் இந்தச் சேவை கிடைக்காது. 40 கிலோமீட்டர் தள்ளி மீன் இருக்கிறது என்பதால் கட்டுமரக்காரருக்கு லாபமும் இல்லை. அவருக்கு அலை அறிவிப்பு உயிர். மீன் இருக்கும் இடம் விசைப்படகுக்காரருக்கான செய்தி. எல்லாரும் ஒரே கோட்டை நோக்கி ஓடினால் அந்த மீன்வளம் எத்தனை நாள் தாங்கும் என்ற கவலையும் எனக்கு உண்டு.

பிடித்த மீனை எங்கே விற்பது என்பதும் தகவல்தான். கேரளத்தின் வடகரையில் 1997 ஜனவரி 14 அன்று 11 மத்திப் படகுகள் வாங்க ஆளில்லாமல் நின்றன. அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் பதிவு செய்த காட்சி இது. அடுத்த சில ஆண்டுகளில் கைபேசி வந்தது. கடலில் இருந்தபடியே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுக்க முடிந்ததும் மீனை வீசியெறிவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்குகிறவர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. அழகான முடிவு. நம் கரையில் ஒரு முடிச்சு இருக்கிறது: வலைக்கும் எஞ்சினுக்கும் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் அவரிடமே மீனைப் போட வேண்டும். பக்கத்துக் கரையில் விலை கூடுதல் என்று தெரிந்தாலும் படகைத் திருப்ப அவருக்கு உரிமை இல்லை. தகவல் மையங்கள் மகளிர் குழுக்களையும் சிறுகடனையும் சேர்த்துக்கொண்டபோதுதான் அந்த முடிச்சு கொஞ்சம் தளர்ந்தது.

இப்போது கைபேசியிலேயே எல்லாம் வருகிறதே, மையம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. சுவாமிநாதன் நிறுவனம் குவால்காமுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஃபிஷர் ஃபிரெண்ட்' செயலி அலை, காற்று, மீன் இருக்கும் பகுதி அனைத்தையும் தருகிறது. பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கிறது. பாக் நீரிணையில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று இராமேசுவரத்துக் குடும்பங்களுக்குத் தெரியும். பாம்பனில் 2016 முதல் மீனவருக்கென்றே 'கடல் ஓசை' சமுதாய வானொலி ஒலிக்கிறது. ஆனால் கைபேசிக் கோபுரத்தின் அலை கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலானபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தன. அவற்றில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழி இருக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அதன் பிறகு, 2019இல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து வரும் எச்சரிக்கையை வாங்கிப் படகிலிருக்கும் கைபேசித் திரையில் காட்டுகிறது, 300 கடல் மைல் தொலைவிலும். செய்தி ஒருவழிதான்; படகிலிருந்து கரைக்குப் பதில் சொல்ல அதில் முடியாது.

படகில் கருவி இருந்தும், கரையில் காத்திருக்கும் பெண்களுக்கு எந்தப் படகு எங்கே இருக்கிறது, புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று யார் சொல்வது? மீன்கூடையுடன் சந்தைக்குப் போகிற பெண்ணுக்கு எந்தச் செயலியும் இன்னும் சரியாகப் பயன்படவில்லை. வீராம்பட்டினத்திலும் நல்லவாட்டிலும் அந்த வேலையைச் செய்தவர்கள் தன்னார்வலர்கள். ஆங்கில வரைபடத்தை ஊர்ப் பேச்சாக மாற்றியதும், சந்தேகம் கேட்டவருக்குப் பதில் சொன்னதும் அவர்கள்தான். நிதி வந்த ஆண்டுகளில் மையங்கள் இயங்கின. திட்டக்காலம் முடிந்ததும் பல இடங்களில் கதவு பூட்டப்படுவது இந்த வகைத் திட்டங்கள் எல்லாவற்றிலும் காணும் துயரம். செயற்கைக்கோளுக்குக் கோடிகளில் பணம் ஒதுக்குகிறோம், ஒதுக்கவும் வேண்டும். ஒவ்வொரு மீனவக் கிராமத்திலும் காலையும் மாலையும் அறிவிப்பைப் படித்து ஊருக்குச் சொல்ல ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் என்று மீன்வளத் துறை தன் பட்ஜெட்டில் ஒரு வரி எழுதலாம். அவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஊர்ப் பஞ்சாயத்திடமும் மகளிர் குழுவிடமும் சேர்த்து விட்டுவிடலாம்.