ஒரு கடிதத்தின் ஆயுள்

தேசத்தின் பெருமைக்குச் சாட்சியாகக் கோட்டைகளையும் கோபுரங்களையும் காட்டுவது உலக வழக்கம். சீன தேசத்தாரோ ஒரு சிறு காகிதத் துண்டையும் அவற்றுக்கு நிகராகப் போற்றுகின்றனர். ஒன்பது வரிகள், எண்பதுக்குச் சற்று மேற்பட்ட எழுத்துக்கள். நோயுற்ற நண்பர் ஒருவர் குணமடைந்து மீள்வது அரிது என்னும் கவலையுடன் எழுதிய கடிதம், அவ்வளவே. குணமடைதலைக் குறிக்கும் ‘பிங்ஃபூ’ என்ற சொல்லே அக்கடிதத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

எழுதியவர் லூ ஜீ. 261-இல் பிறந்த இவர், ‘வூ’ ராஜ்யத்தின் புகழ்பெற்ற சேனாதிபதி லூ ஷுன் என்பாரின் பேரர். 280-இல் அந்த ராஜ்யம் வீழ்ந்தது. பின்னர், வென்ற ‘ஜின்’ வம்சத்தாரிடமே உத்தியோகம் ஏற்றார். 303-இல் அவர்களுடைய உட்பகையில் சிக்கி மரண தண்டனை அடைந்தார். இலக்கியம் பிறக்கும் விதத்தை ஆராயும் ‘வென் ஃபூ’ என்னும் நூலால் அவர் புகழ் இன்றும் நிற்கிறது.

அந்நூலில் அணிநயம் ததும்பப் பேசும் புலவர், கடிதத்தில் அணி ஏதுமின்றிப் பேசுகிறார். எழுத்திலும் அப்படியே. பழைய ஆவண எழுத்து, விரைந்தோடும் தொடரெழுத்தாக மாறிவந்த நிலையை அதில் கண்கூடாகக் காணலாம். தூரிகையின் ஒவ்வோர் இழுப்பும் எழுதுவோன் உள்ளத்தைக் காட்டும் என்பது சீனர் கொள்கை. பிறர் பாராட்டை நாடாது எழுதியதனாலன்றோ கடிதம் உள்ளத்தை உள்ளபடி காட்டுகிறது! ஆகவே, அறிஞர்களின் கடிதங்களை அவர்கள் இலக்கியமாகவும் கலையாகவும் ஒருங்கே போற்றிக் காத்தனர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹுய்சோங் சக்கரவர்த்தி இதன்மேல் தம் கையால் தலைப்பெழுதி முத்திரையிட்டார். பின்னர் மஞ்சு அரசகுடும்பத்தின் கைக்கு வந்து, இறுதியில் அக்குடும்பத்து ஓவியர் பூ ரூவிடம் சேர்ந்தது. அவரிடமிருந்த ஹான் கானின் குதிரை ஓவியம் 1936-இல் விலைபோய்க் கடல் கடந்தது. இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் இருக்கிறது. கடிதமும் அவ்வழியே போய்விடுமோ என்று கலங்கினார், கலைப்பொருள் சேகரிப்பவரான ஜாங் போஜூ. 1937-இன் இறுதியில், தாயாரின் இறுதிச் சடங்குக்காகப் பூ ரூவுக்குப் பணம் தேவைப்பட்டபோது, 40,000 யுவான் கொடுத்து அதை வாங்கினார். அப்பொழுது பீகிங் ஜப்பானியர் வசம் இருந்தது.

1941-இல் ஷாங்காயில் கொள்ளையர் அவரைக் கடத்திச் சென்று பெருந்தொகை கேட்டனர். தம் உயிருக்கு ஈடாகவும் சேகரத்தை விற்கலாகாது என்று மனைவிக்குச் சொன்னார் அவர். பணம் வேறு வழியில் திரட்டப்பட்டது. உயிரும் தப்பியது, கடிதமும் தப்பியது. 1956-இல் அதனை அவர் நாட்டுக்கே வழங்கிவிட்டார். இரண்டாண்டு கழியுமுன் அதே நாட்டின் சர்க்கார் அவரை ‘வலதுசாரி’ என்று முத்திரை குத்தியது!

சக்கரவர்த்தி இட்ட முத்திரை கடிதத்துக்குப் பெருமை சேர்த்தது. சர்க்கார் இட்ட முத்திரையோ அவர் பெருமையைக் குறைக்கவில்லை. பீகிங் அரண்மனைக் காட்சிச்சாலையில் இன்று கடிதம் பத்திரமாக இருக்கிறது. தேசத்தின் செல்வம் சர்க்காரின் பெட்டகத்தால் மட்டும் பிழைப்பதன்று. ‘விற்கமாட்டேன்’ என்று சொல்லத் துணிந்த தனிமனிதன் ஒருவனாலும் அது பிழைக்கிறது. அத்தகையோனைத் தக்க காலத்தில் அறிந்து மதிப்பது எந்நாட்டாருக்கும் கடமையாகும்.