கம்பியில்லா வலைத்தொடர்பும் கணினி இயக்கியும்

கம்பியின் துணையின்றிச் செய்தியைச் செலுத்தும் கலை இலங்கைக்குப் புதியதன்று. 1925ஆம் ஆண்டு திசெம்பர் 16ஆந் திகதி கொழும்பிலே வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. அக்காலத்து வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே அறிந்தது. இன்று கணினியிற் செருகப்படும் விரல் நுனியளவான கருவியோ கேட்கவும் பேசவும் வல்லது. ‘வைஃபை’ எனப்படும் இம்முறைக்கு அடிப்படையான 802.11 என்னும் நியமம் 1997ஆம் ஆண்டு வெளியிடப்பெற்றது. கணினியை இம்முறையால் வலையமைப்போடு இணைக்கும் கருவியே தகவி.

அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் இடையே அமைந்தது எஹலியகொட. 2020 மார்ச்சு மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அதனைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கும் பாடம் வலைவழியாகவே வரலாயிற்று. ஒரே கைத்தொலைபேசியைப் பல பிள்ளைகள் பங்கிட்ட வீடுகள் பல. அத்தகைய வீட்டிற்குப் பிறர் பயன்படுத்திய பழைய கணினியொன்று கிடைத்தல் பெரும்பேறாகும். ஆயினும், அதற்கென வாங்கிய தகவியைச் செருகியபின் யாதும் நிகழாதாயின், ‘பொருள் பழுது’ என்று அதனை ஒதுக்கிவிடுவர். அன்றேல் திருத்துவோரிடம் பணம் இழப்பர். பலபோது குறை தகவியில் இல்லை. இயக்கி இல்லாமையே குறையாகும்.

இயக்கி என்பது ‘டிரைவர்’ என வழங்கும் சிறு மென்பொருள். முற்காலத்துத் தோட்டத்திலே துரை ஆங்கிலத்தில் இட்ட கட்டளையைத் தொழிலாளருக்குத் தமிழில் எடுத்துரைத்தவர் கங்காணி. கணினியை ஆளும் இயங்குதளம் துரை எனின், தகவி தொழிலாளி; இடைநின்று இருவர் மொழியையும் அறிந்த கங்காணியே இயக்கி. கங்காணி வாராத நாளில் துரையுமிருந்து, தொழிலாளியுமிருந்தும் வேலை நடவாது.

எந்தத் தகவிக்கு எந்த இயக்கி என்பதைக் கணினி எவ்வாறு அறிகின்றது? யூ.எஸ்.பி. தகவி ஒவ்வொன்றும் செருகப்பட்டவுடன் இரண்டு எண்களைக் கூறும். ஒன்று ஆக்கியோரைக் குறிக்கும். மற்றது பொருளைக் குறிக்கும். விண்டோஸ் தளத்தில் ‘டிவைஸ் மனேஜர்’ என்னும் பகுதியிலே, அத்தகவியின் விவரங்களில் இவற்றைக் காணலாம். பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரை மட்டும் நம்புதல் தகாது. ஒரே பெயரில் விற்கப்படும் தகவிகளுள்ளும் பதிப்புக்குப் பதிப்பு உள்ளிருக்கும் சில்லு வேறுபடுவதுண்டு. சில்லுக்கு ஏற்றதே உரிய இயக்கி.

இனி, நிறுவும் முறை. இங்கு ஒரு சிக்கல் எழும்: இயக்கியைப் பெற வலைத்தொடர்பு வேண்டும், வலைத்தொடர்பைப் பெற இயக்கி வேண்டும். இதனை விடுவிக்கும் எளிய வழி கைத்தொலைபேசியே. அதனை யூ.எஸ்.பி. வடத்தாற் கணினியோடு பிணைத்து, வடவழி இணையப் பகிர்வை இயக்கினால், தொலைபேசியின் தொடர்பு பெரும்பாலும் கணினிக்கும் கிட்டும். அன்றேல் வேறொரு கணினியில் இயக்கியை இறக்கி, பென்டிரைவிற் கொணரலாம். 32 பிட்டு, 64 பிட்டு என்னும் வேறுபாட்டை முதலில் அறிந்து, ஆக்கியோரின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். ‘எல்லா இயக்கிகளையும் நாமே புதுப்பிப்போம்’ என விளம்பரம் செய்யும் செயலிகளுட் பல தீங்கான மென்பொருளைப் புகுத்துவன. லினக்ஸ் தளத்திலோ பல தகவிகளின் இயக்கிகள் கருவிலேயே அடங்கியுள்ளமையால் அவை தாமே இயங்கும்.

நிறுவியபின்னும் தொடர்பு வாராதாயின், ஒழுங்காக ஆராய்தல் வேண்டும். டிவைஸ் மனேஜரில் மஞ்சட் குறியுடன் 28 என்னும் எண் தோன்றின், இயக்கி நிறுவப்படவில்லை. 22 எனின், தகவி முடக்கப்பட்டுள்ளது. மீள இயக்கினாற் போதும். 10 எனின், தகவி தொடங்க இயலாது நிற்கின்றது. இயக்கியை நீக்கி மீள நிறுவுக. வேறு துளையிலும் செருகிப் பார்க்க. புதுப்பித்தலின்பின் கெட்டதாயின், முந்திய இயக்கிக்குத் திரும்பும் வசதியும் உண்டு. இணைப்பு அடிக்கடி அறுமாயின், மின்சாரத்தைச் சேமிக்கும்பொருட்டுத் தகவியை அணைக்கும் அனுமதியை நீக்குதல் நலம்.

இயக்கி செவ்வனே இருந்தும் குறை வேறிடத்தில் இருத்தல் கூடும். 2.4 கிகாஹேட்ஸ் மட்டும் அறிந்த தகவிக்கு 5 கிகாஹேட்ஸ் அலைவரிசை புலப்படாது. லயத்தின் தடித்த கருங்கற் சுவரும் தகரத் தகடும் அலையை மெலிவிக்கும். கணினி பெற்ற முகவரி 169.254 எனத் தொடங்கின், தகவி இயங்குகின்றது. றவுட்டர் முகவரி வழங்கவில்லை என்பது பொருள். இடிமின்னல் மிக்க அப்பகுதியில், மின்னலின்பின் தகவி எந்தக் கணினியிலும் அசையாதாயின், அதுவே மெய்யான பழுது.

ஒருகாலத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் விளைவை நோக்கி, பின்னரே அடுத்ததற்குச் செல்லல் அறிவியலாரின் நெறி. அந்நெறி ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று. அதனைப் பயின்ற மாணவன் ஒருவன் இருப்பானாயின், லயத்து அறையிற் பயனற்றுக் கிடந்த கணினி ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் அனைவர்க்கும் கல்விக் கருவியாகும்.