ஸ்கிரீன்ஷாட் சாட்சி சொல்லுமா?

கண்ணால் கண்டவரே கூண்டேறிச் சொல்ல வேண்டும், அவர் சொல்லக் கேட்டவர் சொன்னால் செல்லாது என்பதே செவிவழிச் சாட்சிய விதி. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 60-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 55-ஆம் பிரிவாகத் தொடரும் இவ்விதிக்குக் காரணம், வெளியில் சொன்னவர் சத்தியப் பிரமாணமும் எடுக்கவில்லை, குறுக்கு விசாரணைக்கும் உட்படவில்லை என்பதாகும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையில் விபத்தைக் கண்ட ஒருவர், 'லாரி சிக்னலை மீறி வந்து இடித்தது' என வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதாகக் கொள்ளலாம். குழுவிலுள்ள இன்னொருவர் அதன் ஸ்கிரீன்ஷாட்டோடு நீதிமன்றம் வந்தால், லாரி சிக்னலை மீறியதற்கு அது சாட்சியமாகாது. எழுதியவரே வந்தாக வேண்டும். ஆனால், புனைந்து சொல்ல அவகாசமே இல்லாமல் இடித்த கணத்திலேயே அது எழுதப்பட்டிருந்தால், நிகழ்வோடு பின்னிப் பிணைந்த கூற்று என அதே அதினியத்தின் 4-ஆம் பிரிவின்கீழ் ஏற்கப்படலாம். ஓட்டுநரே தன் தவறைப் பதிவிட்டிருந்தால், அது ஒப்புதலாகி அவருக்கு எதிராக நிற்கும்.

மின்னணு நகலுக்கு 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழைப் பலர் உண்மைக்கான முத்திரையாக எண்ணிவிடுகின்றனர். ஓர் எழுத்து திருத்தப்பட்டாலும் மாறிவிடும் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிடும் அச்சான்றிதழ், நகல் சிதையவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது; செய்தியை அனுப்பியவர் யார் என்பதைக்கூட நீதிமன்றம் தானாக அனுமானிக்கலாகாது என்கிறது 90-ஆம் பிரிவு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் பொய்ப் பதிவு ஒன்றே ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடும்.

பதிவிட்ட செயலே குற்றமாகும்போது நிலைமை வேறு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய முகநூல் பதிவை 2018 ஏப்ரலில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், அது பிறர் எழுதியது, படிக்காமலே பகிர்ந்தேன் என்றார். பதிவின் உள்ளடக்கம் உண்மையா என்பது அங்கே கேள்வியே இல்லை என்பதால், செவிவழி விதிக்கும் அங்கே வேலை இல்லை. பகிர்ந்தவருக்கும் பொறுப்பு உண்டு என்று கூறி, வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் மறுத்தார் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ்; 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

கூட்டுச் சதி வழக்குகளில் செவிவழி விதி இன்னும் நெகிழ்கிறது. ஒருவர் சொன்னது மற்றவருக்கு எதிராகவும் செல்லும். பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்த ராஜீவ் காந்தி கொலை வழக்கின் மேல்முறையீட்டில், சதி நடந்துகொண்டிருக்கையில் சொன்னதற்கே இச்சலுகை பொருந்தும், கைதுக்குப் பிறகு சொன்னதற்குப் பொருந்தாது என 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அச்சலுகையே இன்று அதினியத்தின் 8-ஆம் பிரிவாக இருப்பதால், வாட்ஸ்அப் குழுவின் ஒவ்வொரு செய்தியிலும் என்ன எழுதப்பட்டது என்பதோடு எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்பதையும் அரசுத் தரப்பு நிறுவியாக வேண்டும்.