அடுத்த வலிப்பு எப்போது வரும்?

எனக்கு இருப்பது வலிப்பு நோய் என்று வைத்தியர் சொல்லி எட்டு மாதங்களாகின்றன. 2009இல் என் தலையில் செல் துண்டு பட்டது. அந்தக் காயத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்றார் அவர். இத்தனை வருடம் கழித்தா என்று கேட்டேன்.

கழித்தும் வரலாம். மூளையின் கலங்கள் நுண்ணிய மின் சமிக்ஞைகளால் இயங்குகின்றன. காயம் ஆறினாலும் மூளையில் தழும்பு நின்றுவிடும். அதைச் சுற்றியுள்ள கலங்கள் கட்டுப்பாடின்றி ஒரேநேரத்தில் தூண்டப்படும்போது வலிப்பு ஏற்படுகிறது. தலைக்காயம் பட்டுப் பல வருடங்களின் பின்னரும் இது தொடங்கக்கூடும். பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. தொற்றவும் மாட்டாது.

பரிசோதனைக்குப் போகும்போது ஒன்றை மறக்க வேண்டாம். உடம்பில் எங்காவது செல் துண்டோ சன்னமோ இருந்தால், சந்தேகம் மட்டும் இருந்தாலும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைக்கவோ சூடாக்கவோ கூடும்.

வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். அடுத்தது எப்போது என்ற யோசனைதான் நாள் முழுக்க நிற்கும். செல் கூவும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி வளர்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல. அன்று பங்கருக்குள் இருப்பதைத் தவிர எங்களால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

முதலாவது குளிசை. சரியான சிகிச்சை கிடைத்தால் 70 வீதமானோர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் சிகிச்சை இலவசம். சில மாதங்கள் வலிப்பு வரவில்லை என்று நீங்களாகவே குளிசையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் முன்னரைவிடக் கடுமையாக வரலாம். கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் பேச வேண்டும். சில குளிசைகள் சிசுவைப் பாதிக்கும் என்பதால் அவர் மாற்றித் தரக்கூடும்.

அடுத்தது நித்திரை. நித்திரை முழிப்பு, காய்ச்சல், மது, தவறிய குளிசை ஆகியவை வலிப்பைத் தூண்டலாம். நான் ஒரு கொப்பியில் திகதி, நேரம், முதல் நாள் நித்திரை மூன்றையும் எழுதுகிறேன். வைத்தியருக்கு அது உதவுகிறது. தனியாகக் கிணற்றில் அள்ளுவது, கடலுக்குப் போவது, பனை ஏறுவது, வாகனம் ஓட்டுவது எதையும் வைத்தியரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

மூன்றாவது, சொல்லி வைப்பது. கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று அம்மா தயங்கினார். ஆனாலும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வேலை செய்யும் இடத்தில் இருவருக்கும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவ்வளவுதான்: கையில் இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்க வேண்டாம். அழுத்திப் பிடிக்க வேண்டாம். தலைக்குக் கீழே மெதுவானது எதையாவது வைத்து, உதறல் நின்றதும் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே மீண்டும் வந்தால், 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.