ஆடிச் சாரலில் ஆவணி பீரோ

ஆவணி முகூர்த்தத்துக்குச் சீர் பீரோ வேண்டுமென்றால் அதற்கு ஆடியில் பெயிண்ட் அடித்தாக வேண்டும். தென்காசிப் பட்டறைகளுக்கு இதுதான் தலைவலி. ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். அங்கே சாரல் என்றால் இங்கே காற்றெல்லாம் ஈரம்.

மும்பையின் கோத்ரெஜ் நிறுவனம் இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது 1923இல். இன்று உள்ளூர்ப் பட்டறையில் செய்ததையும் பலர் ‘கோத்ரெஜ் பீரோ’ என்றுதான் சொல்கிறார்கள். பட்டறைக்கு வருவது எட்டடிக்கு நாலடித் தகடு. 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மில்லிமீட்டர் கனம், 22 கேஜ் என்றால் 0.7. எண் கூடினால் கனம் குறையும். விலை பேசும்போது இது நினைவிருக்கட்டும்.

இவ்வளவு மெல்லிய தகடு எப்படி ஆறடி நிமிர்ந்து நிற்கிறது? மடிப்பால்தான். வெறும் தாள் துவளும். ஓரத்தை மடித்துவிட்டால் நிமிரும். கதவின் உட்புறம் தொப்பி வடிவில் மடித்த பட்டை ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். அதை விட்டுவிட்டால் கதவைத் தட்டும்போது தகர டப்பா மாதிரி ஒலிக்கும்.

அந்தப் பட்டையின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். சின்னச் சின்ன வட்டக் குழிகள் தட்டுப்படும். ஸ்பாட் வெல்டிங்கின் தடம் அது. இரண்டு செப்பு முனைகள் தகடுகளை இறுக்கிப் பிடிக்க, ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் நொடிக்கும் குறைவாகப் பாய்கிறது. தகடுகள் தொடும் இடத்தில்தான் மின்தடை அதிகம். அங்கே மட்டும் இரும்பு உருகி ஒட்டிக்கொள்கிறது. வெளிப்பக்கக் குழியைப் பட்டி பூசி, எமரித் தாளால் தேய்த்து மறைத்துவிடுவார்கள்.

பீரோவின் ஆயுள் பெயிண்டுக்கு முன்பே முடிவாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் போகக் கழுவி, பாஸ்பேட் கரைசலில் முக்கினால் சாம்பல் நிறப் படலம் படியும். பெயிண்ட் பற்றிக்கொள்வது அதில்தான். இதைச் சுருக்கிய பட்டறையின் பீரோ, அடிப்பக்க மடிப்பிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். வாங்குகிறவர்கள் கண்ணாடியைத்தான் பார்க்கிறார்கள், குனிந்து அடியைப் பார்ப்பதில்லை.

இனி ஸ்பிரே. லாக்கர் பெயிண்டில் கலந்த தின்னர் சட்டென்று ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்கிறது. சாரல் காற்றின் ஈரம் அதில் பனித்துப் படிய, மினுமினுக்க வேண்டிய நிறம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிடும். அவசரமென்றால் மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்து அடிப்பார்கள். இல்லையென்றால், ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிட்டு, மேற்கே மலையில் மேகம் விலகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.